அலுவலக நேரத்து ஆந்தை

எலி விஷயத்தில் வீரையன் கோழை. எலியைக் கண்டு பயப்படுகிற கோழை அல்ல, எலியைக் கொல்லப் பயப்படுகிற கோழை. சம்பா பயிர் கதிரை உள்ளே சுமந்து பொதி கட்டுகிற சமயத்தில் சிறுவாய்க்கால்குடியில் எல்லோரும் வயலில் மூங்கில் கிட்டி வைப்பார்கள். வளைத்துக் கட்டிய மூங்கில், எலி வாய் வைத்ததும் விடுபட்டுக் கழுத்தை நெரித்துவிடும். வீரையனும் ஒரு வருஷம் வைத்தார். மறுநாள் காலை முதல் கிட்டியில் மாட்டியிருந்த எலி, கண்ணைத் திறந்துகொண்டே செத்திருந்தது. அது கடைசியாகப் பார்த்தது தன்னைத்தான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்று மனைவி ராசம்மாள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. கிட்டிகளைக் கட்டிப் பரணில் போட்டார். வயலில் நாலு இடத்தில், ஆந்தை வந்து உட்காரக் குறுக்குக் கட்டை வைத்த குச்சி நட்டார்.

"கொலைய காண்ட்ராக்ட்டு விட்டுட்டேன்" என்று டீக்கடையில் தானே சொல்லிச் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிடுவது அவர் வழக்கம். ஐம்பத்துநாலு வருஷமாக அது அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

காண்ட்ராக்ட் எடுத்தது ஒரு ஜோடி. வெளுத்த முகம், பழுப்பு முதுகு, பறந்தால் சத்தமே கேட்காத இறக்கை. ஊருக்குக் கிழக்கே பாழடைந்து கிடக்கும் நெல் அரைவை மில்லின் மேல்தட்டில் பெட்டை மூன்று குஞ்சுகளோடு இருந்தது. ஆண், குஞ்சுகளின் இரைச்சல் தாங்காமலோ என்னவோ, பகலில் வீரையனின் மோட்டார் கொட்டகை உத்தரத்தில் வந்து தூங்கும். "நம்மள மாதிரி ஆளுதான் போல" என்றார் வீரையன். காலையில் போனால் உத்தரத்துக்குக் கீழே அது கக்கிப் போட்ட கறுப்பு உருண்டைகள் கிடக்கும். எல்லாம் எலி முடியும் எலும்பும். குச்சியால் கிளறி மண்டையோடுகளை எண்ணுவார். நாலு இருந்தால் நல்ல நாள். வயலில் ஒரு தூர்கூட அறுபட்டிருக்காது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முடிவு வந்தது. பச்சை ஜீப்பில் வந்தது.

ஜீப்பின் கதவில் 'காவிரிப் படுகை மண்ணின் உயிரினங்கள் பூங்கா' என்று எழுதியிருந்தது. தஞ்சாவூருக்குக் கிழக்கே திறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அது மீட்பு வாரம். ஒவ்வொரு ஒன்றியத்திலும் குறைந்தது ஓர் உயிரினமாவது மீட்கப்படவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. இயக்குநர் இளஞ்செழியன் நேரில் இறங்கினார். எடை அளவுகளுக்கு முத்திரை குத்துகிற இலாகாவில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு இங்கே மாறுதலாகி வந்தவர். முத்திரை இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை.

கொட்டகை உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு நேரமா இது அசையாம இருக்கு?" என்று கேட்டார்.

வரப்பிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த வீரையன், "விடிஞ்சதுலேருந்து சார்" என்றார்.

"சாப்பிட்டுச்சா?"

"பகல்ல சாப்பிடாது சார்."

"கண்ணு?"

"மூடித்தான் இருக்கும்."

இளஞ்செழியன் பக்கத்தில் நின்ற கால்நடை மருத்துவர் ஜெயபாரதியைப் பார்த்தார். "அசைவில்லை. உணவில்லை. பார்வையில்லை. எழுதிக்குங்க டாக்டர்."

"சார், அது ஆந்தை சார்."

"தெரியுதுங்க. அதனாலதான் மீட்கிறோம். கோழியா இருந்தா மீட்போமா?"

வலையைப் போட்டார்கள். பெட்டியை மூடினார்கள். வீரையனை ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, 'உயிர்நேயர்' என்று அச்சடித்த சான்றிதழில் அவர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் முடிய எட்டு நிமிஷம். அவர் சேற்றுக் கையால் சான்றிதழை வாங்கியதால் அதில் கட்டைவிரல் ரேகையும் விழுந்துவிட்டது. முத்திரை போலவே இருந்தது.

"ஆந்தையக் குடுத்துட்டு காகிதம் வாங்கிட்டு வந்த ஒரே மனுசன் நீங்கதான்" என்றாள் ராசம்மாள். "அந்தக் காகிதத்த வயல்ல நட்டு வைங்க. எலி படிச்சுட்டு ஓடிரும்."

எலி படிக்கவில்லை. பத்து நாளில் வடக்கு மூலையில் அரைக்கால் மா, நாலு சென்ட் அளவுக்குப் பயிர் அடியோடு அறுந்து கிடந்தது. வெட்டின தண்டில் பச்சை வாசனை அடித்தது. மில் பக்கம் போய்ப் பார்த்தார். மேல்தட்டிலிருந்து குஞ்சுகள் பட்டுச் சேலை கிழிகிற மாதிரி சீறிக்கொண்டிருந்தன. பசியின் குரல் அது. மூன்று வாய்க்கு ஒற்றைப் பெட்டை.

வீரையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் பஸ் ஏறினார்.

மண்ணின் உயிரினங்கள் பூங்காவின் வாசலில் இரண்டு பென்குவின்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. குப்பைத் தொட்டிகள். சீட்டு வாங்கி உள்ளே போனால் முதல் கூண்டு கீரிப்பிள்ளைக்கு. 'காண்பதற்கு அரியது' என்று பலகை சொன்னது. பலகை பொய் சொல்லவில்லை, கூண்டு காலி. சீட்டுக் கொடுக்கிற அறைக்குப் பின்னால் ஒரு கீரி, காவலாளியின் தூக்குச்சட்டியை உருட்டித் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தது. அது பூங்காவைச் சேர்ந்தது அல்ல, ஆகவே அதை யாரும் பார்க்கவில்லை. நீர்நாய்க்கான குளத்தில் தண்ணீர் இல்லை, நீர்நாயும் இல்லை. 'நீர்நாய் வருகை: டெண்டர் நிலையில்' என்றிருந்தது. நரிக் கூண்டில் சிமெண்டில் செய்த நரி ஒன்று நின்றது. அதற்கும் தினசரி தண்ணீர் வைத்திருந்தார்கள்.

கூட்டம் இருந்தது ஒரே இடத்தில்தான். கண்ணாடி வீடு. குளிர்ந்த காற்று. உள்ளே மணல் பரப்பி, நெல்லும் கடலையும் தூவி, கொழுத்த நாற்பது ஐம்பது எலிகள் ஓடியாடிக்கொண்டிருந்தன. 'வயல் எலி. மண்ணின் மைந்தன். கண்ணாடியைத் தட்டி மிரட்டாதீர்.'

வீரையன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். "பாத்த மூஞ்சியா இருக்கே" என்றார்.

"உங்க ஊருப் பக்கந்தாண்ணே" என்றார் பக்கத்தில் தீவன வாளியோடு நின்றவர். பக்கீர் முகம்மது. தினக்கூலிக்குக் கூண்டு பராமரிக்கிறவர். "போன மாசம் பன்னெண்டு புடிச்சாந்தாங்க. இப்ப எத்தனைன்னு அதுங்களுக்கே தெரியாது. நீங்க அந்த ஆந்தைக்காரரா? போட்டோவுல பாத்தேன்."

ஆந்தை பதினாலு அ என்ற கூண்டில் இருந்தது. கூண்டு எண்ணும் 'கூகை (ஆண்)' என்ற பெயரும் எழுதிய பலகையை மேலே கம்பிக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். மூலையில் சுவரோடு ஒண்டி, கண்ணை மூடி, உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் எவர்சில்வர் தட்டில் ஒரு வேகவைத்த முட்டை.

"இது என்ன பாய்?"

"மெனு. காலைல பதினொரு மணிக்கு வேகவச்ச முட்டை ஒண்ணு. சாயங்காலம் நாலரைக்கு மிச்சத்த எடுத்துரணும்."

"திங்குதா?"

"தூங்கறவன் மடியில முட்டைய வச்சா திம்பானாண்ணே? நாலரைக்கு நான் எடுத்துருவேன். அஞ்சு மணிக்குப் பூட்டிட்டுக் கெளம்பறப்ப இது கண்ணு முழிக்கும். 'டேய், என் முட்டை எங்கடா'ன்னு பாக்கற மாதிரி இருக்கும்." பக்கீர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கண்ணாடி வீட்டுக் கதவு சரியா சாத்தாதுண்ணே. போறப்ப ஒண்ணு ரெண்டு மண்ணின் மைந்தன் கால் தவறி இதுக்குள்ள விழுந்துரும். நான் என்ன பண்றது? ஒத்த ஆளு."

வீரையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை கோழி முட்டை வாசனை அடித்தது.

இயக்குநர் அறையில் இளஞ்செழியன் நாற்காலி போடச் சொன்னார். உயிர்நேயர் அல்லவா. வீரையன் விஷயத்தைச் சொன்னார்: குஞ்சு மூன்று, பெட்டை ஒன்று, வயல் போகிறது, விட்டுவிடுங்கள்.

"விடறதுக்குத்தானே புடிக்கிறோம்" என்றார் இளஞ்செழியன், மேடையில் பேசுகிற குரலில். "இந்தப் பூங்காவோட லட்சியமே விடுதலைதான். ஆனா குணமாகணும் இல்லையா? அதுக்கு உடற்தகுதிக் குழு இருக்கு. புதன்கிழமை தோறும் பதினொன்றரை மணிக்குப் பார்ப்போம். போன புதன் பார்த்தோம். தூங்குது. இந்தப் புதன் பார்த்தோம். தூங்குது. தூங்கற நோயாளிய டிஸ்சார்ஜ் பண்ண எந்த விதியில இடம் இருக்கு, சொல்லுங்க."

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பாருங்க சார். சுத்திச் சுத்திப் பறக்கும்."

"இருக்கலாம். ஆனா ஆறு மணிக்கு மேல பாக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல. ஒரு உயிரினம் ஆபீஸ் நேரத்துல ஆஜராகலைன்னா அது உயிரோட இருக்குன்னு நான் எப்படிங்க எழுதறது?"

வீரையன் சிரித்தார். சிரிக்கவேண்டிய இடம் என்று நினைத்தார். எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ராசம்மாளின் தம்பி பட்டுக்கோட்டையிலிருந்து இரண்டு விதைத் தேங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். முற்றிக் காய்ந்த மட்டையோடு, கொல்லையில் ஊன்ற. வீரையன் அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தார். முன்பக்கம் சுண்ணாம்பு தடவி முகம் எழுதினார். கரியால் இரண்டு கண். தென்னம் பன்னாடையைக் கத்தரித்து இரண்டு பக்கமும் இறக்கையாக ஒட்டினார். உத்தரத்தில் கம்பியால் கட்டிவைத்தார்.

"எலி இத நம்பும்னு நெனக்கிறீங்களா?" என்றாள் ராசம்மாள்.

"எலிக்கு இல்ல. அந்தப் பெட்டை வந்தா ஒரு ஆறுதலா இருக்கட்டும்."

"புருசன் தேங்காயா இருந்தா ஆறுதலா இருக்காதுங்க. நான் அனுபவத்துல சொல்றேன்."

எலி நம்பவில்லை. பெட்டையும் நம்பவில்லை, ஒரு தரம் கொட்டகைக்கு மேலே வட்டமடித்துவிட்டுப் போய்விட்டது. நம்பியது ஜீப்.

வீரையன் அன்று உர மூட்டை வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ராசம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பதறினார். சிரிப்பு.

"மறுபடியும் மீட்டுட்டாங்க" என்றாள். "தேங்காய. நான் ஓடிப் போய், 'தம்பி, அது தேங்கா'ன்னு சொல்றேன். அந்த ஆபீசரு, 'அம்மா, பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லாமத்தான் எத்தனையோ இனம் அழிஞ்சிருக்கு'ங்கறாரு. வலையப் போட்டாங்க. அதுவும் பேசாம போயிருச்சு. உங்களுக்கு ரெண்டாவது காகிதம் குடுத்துட்டுப் போயிருக்காங்க, பாருங்க."

புதன்கிழமை வீரையன் பூங்காவுக்குப் போனபோது தேங்காய் பதினாலு ஆ-வில் இருந்தது. ஆந்தைக்குப் பக்கத்துக் கூண்டு. மூங்கில் கட்டையில் கம்பி சுற்றி உட்கார்த்தியிருந்தார்கள். காலடியில் எவர்சில்வர் தட்டு, முட்டை. பலகையில் 'கூகை (பெண்)' என்று எழுதியிருந்தது.

"பொண்ணுன்னு எப்படிக் கண்டுபுடிச்சாங்க?" என்று பக்கீரிடம் கேட்டார்.

"அடக்கமா இருக்காம்."

உடற்தகுதிக் குழு கூடியது. குழு என்பது இளஞ்செழியனும், ஜெயபாரதியும், ஒரு படிவமும். உயிர்நேயர் என்ற முறையில் வீரையனையும் நிற்க அனுமதித்தார்கள். பதினாலு அ-விடம் போனார்கள். ஆந்தையைத் தராசில் வைக்கத் தூக்கியபோது அது விழித்துக்கொண்டு சீறி, மருத்துவரின் கையுறையைக் கிழித்தது. போன வாரத்தைவிட எடை குறைவு. மனிதரைக் கண்டு அச்சம், உண்டு. கூச்சல், உண்டு. கூண்டுக்கும் ஊழியருக்கும் சேதம், உண்டு. எல்லாக் கட்டத்திலும் சிவப்புக் கோடு விழுந்தது.

பதினாலு ஆ-விடம் வந்தார்கள். எடை பிடித்த அன்று எவ்வளவோ, இன்றும் அவ்வளவே. இளஞ்செழியனின் முகம் மலர்ந்தது. எடை மாறாத பொருளை அவர் இருபத்தாறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவர். "முட்டையத் தொடவே இல்ல, ஆனா ஒரு கிராம் குறையல! இதுதாங்க மன உறுதி." மனிதரைக் கண்டு அச்சம் இல்லை. கூச்சல் இல்லை. சேதம் இல்லை.

"சார்" என்றார் வீரையன். "அது தேங்கா சார்."

இளஞ்செழியன் திரும்பினார்.

"என் கையால செஞ்சேன் சார். சுண்ணாம்பு, கரி, பன்னாடை. எங்க மச்சான் பட்டுக்கோட்டையிலேருந்து கொண்டாந்த தேங்கா."

"பதிவேட்டுல கூகைன்னு இருக்குங்க."

"பதிவேட்டுல இருக்கட்டும் சார். கூண்டுல இருக்கிறது தேங்கா."

"பதிவேட்டுல இருக்கிறதுதாங்க கூண்டுல இருக்கும். மாத்திச் சொன்னா இந்த நிர்வாகம் எப்படி நடக்கும்?"

"உடைச்சே காட்டறேன் சார். உள்ள பருப்பு இருக்கும்."

இளஞ்செழியன் ஓர் அடி பின்னால் போனார். "பெரியவரே, யோசிச்சுப் பேசுங்க. வனவிலங்குச் சட்ட அட்டவணையில இருக்கிற உயிரினம் அது. அத உடைக்கிறேன்னு என் முன்னாலயே சொல்றீங்க. ஜாமீன்கூடக் கிடையாது."

வீரையன் மருத்துவரைப் பார்த்தார். "டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

ஜெயபாரதி தேங்காயைப் பார்த்தார். கிழிந்த கையுறையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சத எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லீங்க" என்றார் மெதுவாக.

அன்று மதியமே உத்தரவு தட்டச்சாகிவிட்டது. பதினாலு ஆ பூரண குணமடைந்துவிட்டதால் வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சிறப்பு விருந்தினர் முன்னிலையில், மீட்கப்பட்ட இடத்திலேயே விடுவிக்கப்படும். பதினாலு அ காட்டில் வாழும் தகுதியை இழந்துவிட்டதால் ஆயுள் முழுவதும் காட்சியில் வைக்கப்படும்.

தேங்காய்க்கு விடுதலை. ஆந்தைக்கு ஆயுள்.

வீரையன் ஊர் திரும்பி டீக்கடையில் இதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். முதல் ஆளாக அவரும் சிரித்தார். மறுநாள் காலை மில் பக்கம் போனார். சுவரடியில் மூன்றில் கடைக்குட்டிக் குஞ்சு செத்து விழுந்து கிடந்தது. பஞ்சு மாதிரி இருந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. வயிறு ஒட்டி முதுகைத் தொட்டிருந்தது.

வாய்க்கால் ஓரம் மண்ணைக் கிளறிப் புதைத்தார். வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். ராசம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாய்வரை வந்த கேலியை விழுங்கிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றார் வீரையன்.

"மனு எழுதுவீங்களா?"

"எதுக்கு? மூணு தரம் உண்மையச் சொல்லிப் பாத்துட்டேன். அவங்க யாரும் கண்ணால பாக்கறதில்ல ராசம்மா. பலகையத்தான் பாக்கறாங்க." காபியை ஒரே மடக்கில் குடித்தார். சூடு தெரியவில்லை. "நான் ஒண்ணும் கெஞ்சப் போறதில்ல. அவங்க உத்தரவ அப்படியே நிறைவேத்தப் போறேன்."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே பூங்காவில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். இளஞ்செழியன் மரத்தடியில் நின்று பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். வீரையன் தோளில் துண்டோடு நேராகப் பதினாலாம் எண் கூண்டுகளுக்குப் போனார். ஒளியவில்லை, பதுங்கவில்லை. இயக்குநருக்குப் பத்தடி தூரத்தில், பட்டப்பகலில், அலுவலக நேரத்தில், இரண்டு பலகைகளையும் கொக்கியிலிருந்து கழற்றினார்.

இளஞ்செழியன் நிமிர்ந்தார். "என்னங்க பண்றீங்க?"

"எச்சம் பட்டிருக்கு சார். பெரியவங்க வர்ற நேரம். தொடைச்சு மாட்டறேன்."

"நல்ல காரியம். பொதுமக்களுக்கு இந்தப் பொறுப்பு வரணும்" என்றவர் பேச்சுக்குத் திரும்பினார்.

வீரையன் ஒவ்வொரு பலகையையும் துண்டால் நிதானமாகத் துடைத்தார். ஆ பலகையை ஆந்தைக்கு மேலே மாட்டினார். அ பலகையைத் தேங்காய்க்கு மேலே மாட்டினார். திரும்பினால் பக்கீர் முகம்மது வாளியோடு நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆ கொஞ்சம் சாஞ்சிருக்குண்ணே" என்றார் பக்கீர். வாளியை வைத்துவிட்டுப் போய் நிமிர்த்தினார்.

மூன்று மணிக்கு ஊழியர்கள் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பலகை பலகையாகப் பார்த்து வந்தார்கள். பதினாலு ஆ என்ற கூண்டைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பெட்டியில் போட்டார்கள். அது சீறியது, கொத்தியது, ஓர் ஊழியரின் விரலில் ரத்தம் வந்தது.

"இத்தனை நாள் அடக்கமா இருந்துச்சே!" என்றார் இளஞ்செழியன். "ஊருக்குப் போற சந்தோஷம்."

மருத்துவர் சான்று தரவேண்டும். ஜெயபாரதி பெட்டியின் காற்றோட்டத் துளையில் கண்ணை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. எழுந்து பக்கத்துக் கூண்டைப் பார்த்தார். தேங்காய் 'கூகை (ஆண்)' என்ற பலகையின் கீழ் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. பிறகு வீரையனைப் பார்த்தார். வீரையன் பார்வையைத் திருப்பவில்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுக்க முடியும்.

"நல்லா மூச்சு விடுது" என்று சொல்லி, அதையே எழுதி, கையெழுத்துப் போட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினார்.

நாலு மணி நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினர் ஆறேகாலுக்கு வந்தார். வீரையனின் வயலில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஊரே காத்திருந்தது. இளஞ்செழியன் ஐந்து மணியிலிருந்து வேர்த்துக்கொண்டிருந்தார். "ஆபீஸ் நேரம் முடிஞ்சுபோச்சே, இனிமே திறந்தா செல்லுமா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வெயில் இறங்கி, கொக்குகள் எல்லாம் அடைந்து, வயல்மேல் நீல நிறம் படிந்திருந்தது. இந்த உலகத்தில் ஓர் ஆந்தையை விடுவதற்கு அதைவிடச் சரியான நேரம் கிடையாது. பூங்கா செய்த ஒரே சரியான காரியம், தாமதம்.

இளஞ்செழியன் பேசினார். "பறக்க இயலாத நிலையில் எங்களிடம் வந்தது இந்தப் பறவை. ஊட்டச்சத்தும் ஒழுங்கும் கொடுத்தோம். ஒழுங்கு என்றால் என்ன? சொன்ன இடத்தில் இருப்பது. சத்தம் போடாமல் இருப்பது. எடை மாறாமல் இருப்பது. இன்று இதற்குப் பறக்கும் அனுமதி வழங்கப்படுகிறது!"

விருந்தினர் பெட்டியின் கதவைத் தூக்கினார்.

இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளுத்த முகம் ஒன்று வெளியே வந்தது. ஊரைப் பார்த்தது. அலுவலர்களைப் பார்த்தது. மைக்கைப் பார்த்தது. சத்தமே இல்லாமல் எழும்பி, பந்தலின் தோரணத்தை உரசாமல், பயிருக்கு மேலே தாழ்வாக, நேராகக் கிழக்கே பறந்தது. கைதட்டலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் மில் பக்கமிருந்து பட்டுச் சேலை கிழிகிற சத்தம் வந்தது. இரண்டு குரல். வீரையன் விரல்விட்டு எண்ணினார். இரண்டுதான்.

ராசம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். "அழுவாதீங்க. பொன்னாடை போத்த வராங்க."

தை பிறந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்தது. வடக்கு மூலையில் போனது போனதுதான், மீதி நின்றது. காலையில் உத்தரத்துக்குக் கீழே மண்டையோடு நாலு, சில நாள் ஐந்து. பக்கீர் முகம்மது போனில் பூங்காச் செய்திகளைச் சொல்வார். கண்ணாடி வீட்டுக் கதவு இன்னும் சரியாகச் சாத்தவில்லை. மண்ணின் மைந்தர்கள் இப்போது அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பார்வையிடுகிறார்கள். தினமும் மிச்ச முட்டையை நாலரைக்கு அவரே தின்றுவிடுகிறார். சிமெண்டு நரிக்கு வைக்கிற தண்ணீரை இப்போது தேங்காய்க்கு ஊற்றுகிறார். அதன் உச்சியில் பச்சையாக முளை விட்டிருக்கிறது. 'கொண்டையுடன் கூடிய அரிய வகை' என்று பலகையை மாற்றி எழுதி, சிறந்த பராமரிப்புக்கு இளஞ்செழியனுக்குக் கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

அறுப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது பச்சை ஜீப் மறுபடியும் வந்து கொட்டகை முன்னால் நின்றது. காலை பதினொரு மணி. இளஞ்செழியன் இறங்கினார். கையில் பதிவேடு, பின்னால் வலையோடு ஓர் ஊழியர்.

வீரையன் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றார். இந்தத் தடவை சேற்றுக் காலோடு ஓடிவரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னாலேயே நின்றிருந்தார்.

இளஞ்செழியன் அவர் தோளுக்கு மேலே எட்டி உத்தரத்தைப் பார்த்தார். வெளுத்த முகம். மூடிய கண். அசைவில்லை.

"என்னங்க அது?"

"தேங்கா சார்" என்றார் வீரையன்.

இளஞ்செழியன் நெற்றியைச் சுருக்கினார். மூன்று தடவை தேங்காயைத் தேங்காய் என்று சொன்னபோது அந்த முகத்தில் வந்த சந்தேகத்தை வீரையன் தேடினார். காணோம்.

"நீங்க செஞ்சதா?"

"என் கையால செஞ்சது சார். சுண்ணாம்பு, கரி, பன்னாடை."

உத்தரத்தில் இருந்தது மெல்லத் தலையைத் திருப்பி, தோளுக்குப் பின்னால் மூக்கைச் செருகிக்கொண்டது.

"திரும்புதே?"

"காத்து சார்."

இளஞ்செழியன் சிறிது நேரம் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார், மூடினார். "தேங்காய்ன்னா அது தோட்டக்கலை" என்றார் வலைக்காரரிடம். "நம்ம எல்லையில வராது. ஏறுய்யா."

ஜீப் மேடு திரும்பி மறைகிறவரை வீரையன் வாசலை விட்டு நகரவில்லை. பிறகு உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். ஆந்தை ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து அவரைப் பார்த்தது.

"நீ தூங்குய்யா" என்றார் வீரையன். "ஆபீஸ் மூட இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு."